ஆறடிக் கயிறு

அமெரிக்காவின் பெரிய தேசியப் பூங்காக்கள் பலவற்றில் தடத்தில் நாய்க்கு இடமில்லை. யெல்லோஸ்டோனில் சாலையிலிருந்து நூறடி. அதோடு சரி.

ஷெனாண்டோவாவில் விடுகிறார்கள். வர்ஜீனியா, ப்ளூ ரிட்ஜ் மலை. 500 மைலுக்கு மேல் தடங்கள். நாய்க்கு மறுத்தவை 20 மைல்கூட வராது. அதனால்தான் இங்கே வருகிறோம். இயற்கை ரசனை எல்லாம் அப்புறம்.

நிபந்தனை, கயிறு. ஆறடிக்கு மேல் நீளக் கூடாது.


மணி. கூன்ஹவுண்ட் கலப்பு. மூன்று நிறம். ஷெல்டரில் அவனுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கிறான்.

குரைப்பு இல்லை. ஊளையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒன்று. மலையில் வைத்துக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. அபார்ட்மெண்டில் கீழ்வீட்டுக்காரர் வேறு மாதிரி நினைக்கிறார்.


வர்ஜீனியாவில் ஒரு சட்டம். வேட்டை நாய் எதையோ துரத்திக்கொண்டு அடுத்தவர் நிலத்துக்குள் போய்விட்டால், நாய்க்காரர் அதைப் பிடித்துவர உள்ளே போகலாம். நிலத்துக்காரர் வரக் கூடாது என்று சொல்லியிருந்தாலும் போகலாம். துப்பாக்கி கூடாது. வண்டி கூடாது. நடந்து போக வேண்டும். யார் என்று கேட்டால் சொல்ல வேண்டும்.

நாய் இல்லாமல் போனால் அத்துமீறல்.


அம்மா கம்பத்திலிருந்து வந்திருக்கிறாள். ஆறு மாத அனுமதி. சேலை, மேலே மருமகளின் ஜாக்கெட், காலில் பேரனின் பழைய ஷூ. எங்கள் எல்லோரையும்விட வேகமாக ஏறுகிறாள். மூச்சு வாங்குவது எனக்கு.

"நாயக் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போவாகளா? சிறுத்தைக்குச் சோறு கட்டிக் கொண்டுபோற மாதிரி."

இங்கே சிறுத்தை இல்லம்மா என்றேன்.

கரடி உண்டு என்றாள் மகள். அவளை யாரும் கேட்கவில்லை.


அம்மா சின்ன வயதில் மேகமலைப் பக்கம் விறகு பொறுக்கியவள். 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். "அங்க இப்ப மணி பாத்துத்தான் விடுறாக. பேரு எழுதணும்."


தடம் பிரியும் இடங்களில் சிமெண்ட் கம்பம். தலையைச் சுற்றி உலோகப் பட்டை, அதில் ஊரும் மைலும் அச்சடித்திருக்கும். மரத்தில் வெள்ளைப் பட்டை என்றால் அப்பலாச்சியன் தடம். நீலம், கிளைத் தடம். மஞ்சள், குதிரை போகலாம்.

மணி எல்லாக் கம்பத்திலும் நிற்கிறான். அடிப்பாகம்தான் அவனுக்கு. நாங்கள் மைலைப் படித்து முடித்த பிறகும் அவன் முடிப்பதில்லை.


எதிரே வருகிறவர்கள் மணியிடம் நின்று பேசுகிறார்கள். பெயர் என்ன, என்ன ஜாதி, வயசு எத்தனை, தத்தெடுத்ததா.

"நாயத்தானே கேக்குறாக?" என்றாள் அம்மா.

எங்கள் பெயரை இதுவரை யாரும் கேட்டதில்லை. மணியில்லாமல் நடந்தால் ஒரு 'ஹாய்'. அதுவும் பாதிப் பேர்.


பச்சைப் பைகள். உள்ளே நாய் போனது. முடிச்சுப் போட்டுத் தடத்தோரம் வைத்திருக்கிறார்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று. சில பைகள் நிறம் வெளுத்துக் கிடக்கின்றன.

கரடி போனதை மட்டும் ஏன் யாரும் எடுப்பதில்லை என்று மகன். கரடி இங்கே தின்றதை இங்கே விடுகிறது, மணி மூட்டையில் வந்த தீனியைத் தின்கிறான், அவனுடைய கிருமி வேறு, ஓடைக்குப் போகும் என்றேன். தலையாட்டினான். நம்பவில்லை.

மணியின் பையை அம்மா கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். குப்பைத் தொட்டி கார் நிறுத்துமிடத்தில்தான். "ஊருல யார்ட்டயும் சொல்லிறாத."


ஓல்ட் ராக், 3,284 அடி. பாறைகளுக்கு இடையே தவழ்ந்து ஏற வேண்டும். நாய்க்குத் தடை. 2022-லிருந்து சீசனில் மனிதருக்கும் முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டும். டார்க் ஹாலோ அருவித் தடத்திலும் நாய் கூடாது.

ஒரு தடவையாவது மணியை விட்டுவிட்டுப் போகலாம் என்கிறாள் மகள். ஓட்டெடுப்பு வைக்கிறோம். தோற்கிறாள். அம்மாவுக்கும் ஓட்டு உண்டு. மணிக்கும் உண்டு என்று மகன் எண்ணிக்கொள்கிறான்.


யெல்லோஸ்டோன், 1981. செலஸ்டீன் என்ற வெந்நீர்க் குளம். வண்டியிலிருந்து குதித்த நாய் ஒன்று ஓடிப்போய் உள்ளே விழுந்தது. 24 வயது இளைஞன் பின்னாலேயே தலைகீழாகக் குதித்தான். தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரி செல்சியஸ். மறுநாள் இறந்தான்.

நாய் அவனுடையதுகூட இல்லை. நண்பனுடையது.


கட்டுச்சோறு: புளியோதரை, தயிர் சாதம். மணிக்கும் தயிர் சாதம், தாளிக்காதது.

வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை சிறுநீரகத்தைப் பிடிக்கும். மலை ஏறுகிறவர்களுக்கென்று கடையில் விற்கும் கொட்டைக் கலவையில் உலர்திராட்சையும் இருக்கும். சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் சைலிடால்.

இந்த மலையில் விஷப்பாம்பு இரண்டே வகை. டிம்பர் ராட்டில்ஸ்னேக், காப்பர்ஹெட். எங்கள் பையில் அவனுக்கு ஆகாதது நாலைந்து.


வரிசையில் மணி முன்னால் போகிறான். அடிக்கடி திரும்பிப் பார்க்கிறான். ஆள் குறைந்தால் நகர மாட்டான். அம்மா மரத்துப் பக்கம் ஒதுங்கினால், அவள் வரும்வரை எங்களையும் நகர விடுவதில்லை.

அம்மாவுக்கு இதில் கூச்சம். "அதுக்கு என்ன கணக்கு?"


அப்பலாச்சியன் தடம். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்னில் முடிகிறது. 2,190 மைலுக்கு மேல். இந்தப் பூங்காவுக்குள் 101 மைல்.

1990-ல் பில் இர்வின் நடந்தார். பார்வையில்லாதவர். ஓரியண்ட் என்ற வழிகாட்டி நாய், ஜெர்மன் ஷெப்பர்ட். மார்ச்சில் கிளம்பி நவம்பரில் முடித்தார்கள். ஆயிரக்கணக்கான தடவை விழுந்திருக்கிறார். நாயின் முதுகிலும் மூட்டை.

வெள்ளைப் பட்டை அவருக்கு எதற்கு? நாய்க்குத்தான் எதற்கு? எதை வைத்து நடந்தார்கள்?


முழுத் தடத்தையும் நாயோடு நடக்க நினைப்பவர்கள் கிரேட் ஸ்மோக்கி மலை வந்ததும் நாயை எங்கேயாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். கடைசியில் பாக்ஸ்டர் பூங்காவிலும் அப்படித்தான். தடம் முடியும் உச்சி அங்கேதான்.


உண்ணி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை. மணி முதலில். கால் விரல் இடுக்கு, காது மடலுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், கக்கம். அப்புறம் பிள்ளைகள். முழங்கால் பின்பக்கம், தொப்புள், தலைமுடி.

அம்மா பேன் பார்த்த கை. வெளிச்சத்துக்கு நேராக உட்கார வைத்து முடியை விலக்கிக்கொண்டே போவாள். ஒன்றும் தப்பாது.

இளம் உண்ணி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதுதான் அதிகம் நோய் கொடுப்பது. லைம் நோய். கனெக்டிகட்டில் லைம் என்று ஒரு ஊர்; 1970-களில் அங்கே பிள்ளைகளுக்கு மூட்டு மூட்டாக வீங்கியது. பத்து வருடத்துக்குள் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமிக்கு அவர் பெயர். நோய்க்கு ஊர்ப் பெயர். ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

நாய்க்கு லைம் தடுப்பூசி உண்டு. மணி வருடா வருடம் போட்டுக்கொள்கிறான். மனிதருக்கும் ஒன்று 1998-ல் வந்தது. 2002-ல் தயாரித்தவர்களே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு, பேண்ட்டைக் காலுறைக்குள் சொருகுவது.

கடித்துக்கொண்டிருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். முறுக்கக் கூடாது. வீட்டில் மண்ணெண்ணெய் இல்லையா என்றாள் அம்மா. இந்த ஊரில் அது எந்தக் கடையில் கிடைக்கும் என்றே எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு யார் பார்ப்பது? மருமகள் பார்த்தாள். சமையலறை நாற்காலியில், பின்னால் நின்று, கொண்டையை அவிழ்த்து. நெடுநேரம் பார்த்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான் மணியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.


ராபிடான் முகாம். ஹெர்பர்ட் ஹூவர் ஜனாதிபதியான 1929-ல் மீன் பிடிக்க அமைத்துக்கொண்டது. மில் ப்ராங் ஓடையோடு இறங்கினால் இரண்டு மைல். மூன்று கட்டடங்கள் மிச்சம். உள்ளே நாய் கூடாது. திண்ணையில் யாராவது ஒருவர் மணியோடு உட்கார வேண்டும். முறை வைத்து உட்கார்ந்தோம்.

ஹூவர் சிரிக்காத மனிதர் என்று பேர் வாங்கியவர். 1928 தேர்தலில், கிங் டட் என்ற தன் பெல்ஜியன் ஷெப்பர்டின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படத்தை ஆயிரக்கணக்கில் அச்சடித்து அனுப்பினார்கள். ஜெயித்தார். வெள்ளை மாளிகையில் நாய்க்குக் காவல் பித்துப் பிடித்துவிட்டது. ராத்திரியெல்லாம் வேலியைச் சுற்றி நடை. தின்பதை விட்டது. அமைதியான இடத்துக்கு அனுப்பினார்கள். செத்துப்போனது.

1929 ஆகஸ்டில் மலைக்காரப் பையன் ஒருவன் இந்த முகாமுக்கு ஒப்பாஸம் என்ற காட்டு விலங்கு ஒன்றைக் கொண்டுவந்தான். ஜனாதிபதிக்குப் பிறந்தநாள் பரிசு. பள்ளிக்கூடம் போகிறாயா என்று கேட்டாராம். பள்ளிக்கூடமே இல்லை என்றான். கட்டிக்கொடுத்தார். 1930-ல் திறந்தது.


1928-ல் வர்ஜீனியா சட்டம் போட்டது. பூங்காவுக்கு நிலம் எடுக்க, ஆளுக்கு ஆள் வழக்கு நடத்தாமல் மொத்தமாக. 1935 டிசம்பர் 26 அன்று பூங்கா. நானூறு ஐந்நூறு குடும்பங்கள் இறங்கின. குத்தகைக்கு இருந்தவர்களுக்கு நிலத்துக்கான பணம் இல்லை. திரும்பி வராமலிருக்கச் சில வீடுகளைக் கொளுத்தினார்கள்.

மிகவும் வயதான சிலரை மட்டும் சாகும்வரை இருக்க விட்டார்கள். கடைசியாக இருந்தவர் ஒரு பெண். 1979-ல் இறந்தார். வயது 92.


செஸ்ட்நட். இந்த மலைக்காரர்கள் பொறுக்கி விற்றுக் காசு பார்த்த மரம். 1904-ல் நியூயார்க்கில் பூஞ்சை தென்பட்டது. 1930-களுக்குள் இங்கே பெரிய மரங்கள் அநேகமாக எல்லாம் போய்விட்டன. வேரிலிருந்து இன்னும் துளிர்க்கிறது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் பூஞ்சை வருகிறது. பட்டுப்போகிறது. மறுபடி துளிர்.

மகன் இலையின் ரம்பப் பல்லை எண்ணிக்கொண்டிருந்தான். மணி பொறுக்காமல் இழுத்தான்.


தடத்தைவிட்டு உள்ளே இழுத்தான் ஒருநாள். விட்டுப்பார்த்தோம்.

முதலில் கல் சுவர், இடுப்பளவு. பிறகு புகைபோக்கி மட்டும், வீடு இல்லாமல். அடி கழன்ற இரும்பு வாளி. கவாத்துக் காணாத ஆப்பிள் மரம், பூத்து நின்றது. யாருக்கு?

தரை முழுக்கப் பச்சைக் கொடி. இடையிடையே நீலப் பூ.

அம்மா நின்றுவிட்டாள். குனிந்து பூவைப் பார்த்தாள்.

"இது நம்மூரு சுடுகாட்டு மல்லி மாதிரில்ல இருக்கு?"

வின்கா என்றது மகளின் போன். சுடுகாட்டு மல்லியும் அதுவும் ஒரே குடும்பம். இங்கும் இடுகாடுகளில்தான் நட்டிருக்கிறார்கள், கேட்பாரில்லாமல் தானாகப் படரும் என்று.

"அப்ப இங்க பொதச்சிருக்காக."

கொடியை விலக்கினால் கற்கள். ஓடைக் கல், எழுத்தில்லை. நட்டு வைத்தவை. தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. சில ஜோடிகளுக்கு நடுவே இரண்டு சாண்கூட இல்லை.

பூங்காவுக்குள் இப்படி நூறு இடுகாடுகளுக்கு மேல்.

மணி ஒரு கல்லை முகர்ந்து காலைத் தூக்கப்போனான். அம்மா மகன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். "இங்கிட்டு வாடா." அதுவரை அவள் கயிற்றைத் தொட்டதில்லை. கார் வரைக்கும் திருப்பித் தரவில்லை.


மவுண்ட் வெர்னன் எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தூரமில்லை. ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை. வேட்டை நாய்களைக் கலந்து புது ஜாதி உண்டாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஒரு பெட்டை நாய்க்கு ஸ்வீட் லிப்ஸ் என்று பெயர். அமெரிக்கன் ஃபாக்ஸ்ஹவுண்ட் 1966-லிருந்து வர்ஜீனியாவின் மாநில நாய்.

1792 டிசம்பரில் பண்ணை மேலாளருக்கு ஒரு கடிதம். அடிமைகள் யாராவது அனுமதியில்லாமல் நாய் வைத்திருந்தால் அவர்களைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும். நாயைத் தூக்கில் போட வேண்டும்.


ஓக் மரத்தில் கரடி. மணிக்குத்தான் முதலில் தெரிந்தது. முதுகில் முடி கோடாக எழுந்தது. கூன்ஹவுண்டுக்கு, மரத்தில் ஏறியதைப் பார்த்துக் கத்துவதுதான் தொழில். கத்தவில்லை. என் காலோடு ஒட்டி நின்றான்.

அம்மா கத்தினாள். "ஏய், போ அங்கிட்டு!"

கரடி போகவில்லை. நாங்கள் போனோம். மகள் எடுத்த படத்தில் இலை மட்டும்.


நேபாளம், 2018 நவம்பர். மேரா என்ற தெருநாய். ஏற வந்த கூட்டத்தோடு தானாகச் சேர்ந்துகொண்டது. பருன்ட்ஸே உச்சிவரை போனது. 7,129 மீட்டர். அனுமதிச் சீட்டு, ஆக்ஸிஜன், காலணி, ஒன்றும் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.


லூயிஸ் மவுண்டன் முகாம். பூங்காவில் இருப்பவற்றில் சின்னது. 1939-ல் கறுப்பின மக்களுக்கென்று தனியாகத் திறந்தார்கள். பலகையிலேயே அப்படி எழுதி வைத்திருந்தார்கள். 1950-க்குள் பிரிவினையை முழுக்க எடுத்தார்கள். இப்போது நாயோடு தங்கலாம். பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் கேட்காமலேயே மணிக்குத் தண்ணீர் வைத்தார்.

ஒரே கூடாரத்தில் ஐந்து பேரும் நாயும். அம்மாவின் போர்வையில் பாதி மணிக்கு. காலையில் முழுதும் மணிக்கு.


ராத்திரி ஸ்கங்க், நாற்றம் பீய்ச்சும் சின்ன விலங்கு. கூடார வாசலில். மணி முகத்திலேயே வாங்கினான். பூண்டும் டயர் எரிவதும் கலந்து, கண்ணில் தண்ணீர் வருகிற நாற்றம்.

தக்காளிச் சாறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். போவதில்லை. முகர்கிறவரின் மூக்கு சலித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அம்மா சீயக்காய் கேட்டாள். யார் காட்டுக்குச் சீயக்காய் கொண்டுவருவார்கள்? மருமகள் கொண்டுவந்திருந்தாள். அதுவும் போகவில்லை.

1993-ல் பால் க்ரெபாம் என்ற வேதியியலாளர் ஒரு கலவையை வெளியிட்டார். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சமையல் சோடா கால் கப். பாத்திரம் கழுவும் சோப்பு ஒன்றிரண்டு டீஸ்பூன். நாற்றம் தரும் கந்தகச் சேர்மங்களை ஆக்ஸிஜன் மாற்றிவிடுகிறது. அவரால் அதைக் காசாக்க முடியவில்லை; கலந்து பாட்டிலில் அடைத்து விற்க வழியில்லை.

விடிந்ததும் மலையிறங்கி மருந்துக் கடைக்குப் போனோம். ஜன்னல் நாலும் திறந்து. கார் நிறுத்துமிடத்திலேயே கலந்தோம். கலந்த உடனே தேய்க்க வேண்டும். கண்ணில் படக் கூடாது. ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும்.

அம்மா மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூடிக்கொண்டிருந்தாள், வீணாக்குவானேன் என்று. மகன் ஓடிப்போய்ப் பிடுங்கிக் கொட்டினான். மூடி வைத்தால் வெடிக்கும்.